படுக்கை, தட்டு, கயிறு

எங்களைப் பற்றி யாராவது ஏதாவது கேவலமாகச் சொன்னால் தாராளமாக நம்பிவிடுங்கள், பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் சட்டத்தை மீறினோம் என்று மட்டும் ஒருத்தரும் சொல்ல முடியாது.

நாங்கள் மூன்று பேர். நான், என் பெண்டாட்டி பவளக்கொடி, அவள் அண்ணன் ஐயம்பெருமாள். நாலாவது ஆள் எங்கள் நாய் மிராசு. வண்டல்திட்டுத் தீவில் உப்பளத்து வேலை கிடைத்ததும் வீட்டைக் காலி செய்துவிட்டு நாலு பேருமாகப் படகேறினோம்.

அந்தத் தீவில் இதுவரை ஒரு நாய்க்கும் வெறி பிடித்ததில்லையாம். அதனால் வெளியூர் நாய் என்றால் கெடுபிடி அதிகம். படகுத்துறையிலேயே விதிகளை எழுதிப் பலகை வைத்திருந்தார்கள். கால்நடை ஆய்வாளர் அற்புதராஜ் மிராசைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போகும்போது, "பலகையிலே இருக்கிறபடி செய்யுங்க. ஒரு எழுத்துகூட மாறக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்களிடம் போய் அப்படிச் சொன்னது அவர் தப்பு.

எங்களில் படித்தவர் மச்சான் ஐயம்பெருமாள்தான். எழுத்துக்கூட்டி வாசித்தார். "நாய் பத்து நாள் கொட்டகையில் இருக்கும். அது படுத்த படுக்கை, தின்ற தட்டு, பிடித்துவந்த கயிறு, மூன்றையும் கரையிலேயே எரித்துவிட வேண்டும். மறைத்தால் நாய் திருப்பி அனுப்பப்படும்."

திருப்பி அனுப்பினால் அது எங்கே போகும்? ஊரில் மிராசுக்கு எங்களை விட்டால் யாரும் கிடையாது. எனக்கும் அது பக்கத்தில் இல்லாமல் தூக்கம் வராது.

"முதல்ல படுக்கையை எடுங்க மாப்பிள்ளை" என்றார் மச்சான்.

"படுக்கை ஏது மச்சான்? குட்டியிலேருந்து என் வயித்து மேலதானே படுக்குது?"

மூவரும் என் வயிற்றைப் பார்த்தோம். மச்சான் அதை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"அப்போ நீங்கதான் படுக்கை."

"வயிறு மட்டும்தானே மச்சான்?"

"வயித்தை மட்டும் தனியாக் கழட்டி எரிக்க முடியுமா? யோசிச்சுப் பேசுங்க."

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. பவளக்கொடி உள்ளங்கையில் வைத்து நீட்டினால்தான் மிராசு சோறு தின்னும். "நான் தட்டு" என்று அவளாகவே ஒத்துக்கொண்டாள். கயிற்றில்தான் சிக்கல். மிராசு எங்கே போனாலும் மச்சானின் வேட்டி நுனியைக் கவ்விக்கொண்டுதான் வரும்.

"அப்போ வேட்டிதானே கயிறு?" என்றேன்.

"வேட்டி தானா நடந்து வந்துச்சா?" என்றாள் பவளக்கொடி. "அண்ணனும் சேர்த்திதான்."

மச்சான் மறுக்கவில்லை. சட்டம் தெரிந்தவர்.

மூன்றில் பெரிய பொருள் நான் என்பதால் முதலில் என்னை எரிப்பதென்று முடிவாயிற்று. மணலில் படுத்தேன். பயமாகத்தான் இருந்தது, மிராசுக்காக என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பவளக்கொடி அழுதுகொண்டே சுள்ளி பொறுக்கி வந்தாள். ஆனால் கடற்காற்றில் ஒரு தீக்குச்சியும் நிற்கவில்லை. தீப்பெட்டி காலியான பிறகுதான் மச்சான் பலகையின் கடைசி வரிக்கு வந்தார்.

"'அல்லது பத்து நாள் வெயிலில் காயவைக்க வேண்டும்'னு போட்டிருக்கு மாப்பிள்ளை."

"இதை முன்னாடியே படிச்சிருக்கக் கூடாதா?"

"வரிசையாத்தானே படிக்கணும்?"

சரியென்று மூவரும் வரிசையாகப் படுத்துக் காய்ந்தோம். மத்தியானம் புதுப் பிரச்சினை வந்தது. காயப்போட்ட சாமானைத் திருப்பிப் போட வேண்டும், ஆனால் எந்தப் படுக்கையும் தானாகப் புரண்டு படுக்காது. பவளக்கொடி எழுந்து எங்கள் இருவரையும் புரட்டிவிட்டுப் படுத்தாள். அவளைப் புரட்ட நான் எழுந்தேன். திரும்பிப் படுக்கும்போது எந்தப் பக்கம் காய்ந்திருந்தேன் என்பது மறந்துவிட்டது. மச்சான் என் முதுகையும் வயிற்றையும் தட்டிப் பார்த்து, "ரெண்டு பக்கமும் ஈரம்தான், முதல்லேருந்து காயுங்க" என்றார்.

பொழுது சாய்ந்ததும் எழுந்துபோய்ச் சாப்பிடுவோம். வெயில் இல்லாத நேரத்தில் நாங்களும் மனிதர்கள்தானே.

பத்தாம் நாள் கருவாடாகக் கறுத்துப்போய்க் கொட்டகைக்குப் போனோம். மிராசு அற்புதராஜின் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைப்பானேன்.

"நல்ல நாய்ங்க. ஒரு நோயும் இல்லை" என்றார் அவர். "உரிமையாளர் யாரு? இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்க. உரிமையாளர் இல்லாத நாயைத் தீவுக்குள்ளே விட மாட்டோம். திருப்பி அனுப்பிடுவோம்."

நாங்கள் மூவரும் சுவரோரமாக வரிசையாக ஒதுங்கி நின்றோம்.

"ஏங்க, நீங்க யாரு?" என்று என்னைக் கேட்டார்.

"படுக்கைங்க."

"நீங்கம்மா?"

"தட்டு."

அவர் மச்சான் பக்கம் திரும்பினார். "கயிறு கையெழுத்துப் போட்டு எங்கேயாவது பார்த்திருக்கீங்களா சார்?" என்றார் மச்சான்.

அற்புதராஜ் அரைமணி நேரம் விளக்கிப் பார்த்தார். நாங்கள் மசியவில்லை. பத்து நாள் காய்ந்ததை ஒரு கையெழுத்தில் கெடுத்துக்கொள்வதா? அதற்குள் திரும்பிப் போகும் படகு ஊதிவிட்டது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மிராசு எழுந்து வந்து என் வயிற்றில் தலையைச் சாய்த்தது. அற்புதராஜ் நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேனாவை எடுத்து உரிமையாளர் என்ற இடத்தில் தன் பெயரையே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இனிமே இது என் நாய். போதுமா? கூட்டிட்டுப் போங்க."

கூட்டிக்கொண்டு போனோம். உரிமையாளர் வீட்டுக்குத்தான், வேறெங்கே? நாய் ஓரிடத்தில், அதன் சாமான்கள் வேறிடத்தில் என்றால் நன்றாகவா இருக்கும்? கதவைத் திறந்த அவர் மனைவி யார் நீங்கள் என்று கேட்டார். "நாயோட சாமான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஓரமாக அடுக்கிக்கொண்டோம்.

மூன்றே மாதத்தில் அற்புதராஜ் வேறொரு தீவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிவிட்டார். எங்களிடம் சொல்லவில்லை, பக்கத்து வீட்டில் விசாரித்துத் தெரிந்துகொண்டோம். அங்கே கெடுபிடி இதைவிட அதிகமாம், நாயின் சாமான்களை இருபது நாள் காயவைக்க வேண்டுமாம். பாவம், மனிதர் தனியாக எத்தனை வேலையைத்தான் பார்ப்பார்? அவருக்குச் சிரமம் வேண்டாமென்று இப்போதிருந்தே அவர் வீட்டு மொட்டைமாடியில் காய்ந்துகொண்டிருக்கிறோம். இன்றோடு பன்னிரண்டு நாள்.

மச்சான், என்னைக் கொஞ்சம் திருப்பிப் போடுங்களேன்.