பாஷாண ஜாடிக்கு எழுதிய சீட்டு

முன்னொரு காலத்தில், யானைப்படையும் கணினியும் சேர்ந்தே இருந்த நெடுங்குன்ற நாட்டைக் கோமாறன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நினைத்தால் பரிசு, நினைத்தால் கழுமரம். அவனுக்குத் தினமும் மருந்து ஊற்றித் தந்தது ஒரு கணினி. அதற்கு நிரல் எழுதியவள் மந்திரி வேண்மாள்.

அந்த நிரலுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஓடத் தொடங்குமுன், கம்பைலர் என்கிற வாசல்காவலன் ஒவ்வொரு பொருளும் என்ன வகை என்று பார்ப்பான். சரியாக இருந்தால் வகைச்சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுவான். அப்புறம் ஓடுகிற கணினிக்கு எது எதுவென்று தெரியாது.

இதைக் கேட்டதிலிருந்து ராஜாவுக்குத் தூக்கம் போயிற்று. "நான் குடிக்கிற நேரத்தில் இது மருந்தா விஷமா என்று கணினியே சொல்லணும். தப்பாகச் சொன்னால் மந்திரியின் தலை போகும்!"

வேண்மாள் கைகூப்பினாள். "சீட்டைக் கிழிக்காமல் பொருளோடேயே அனுப்பலாம், மகாராஜா. ஆனால் அதைக் காவலன்தான் எழுதணும்."

அவள்மேல் பொறாமையில் வெந்துகொண்டிருந்த இன்னொரு மந்திரி சாத்தப்பர் குறுக்கே பாய்ந்தார். "இதற்கு எதற்குப் பிரபு காவலன்? அடியேன் கைப்பட எழுதிவிடுகிறேன்!"

ராஜா தலையாட்டிவிட்டான். எழுதுகிற கை சாத்தப்பருடையது, போகிற தலை மட்டும் வேண்மாளுடையது!

மறுநாள் சபையில் கணினி கிண்ணத்தை நிரப்பி, "வகை: மருந்து" என்றது. ராஜா வாயருகே கொண்டுபோனான். ஒன்றை எழுதிவிட்டு அதையே மற்றதற்கெல்லாம் படியெடுப்பது சாத்தப்பரின் வழக்கம் என்று வேண்மாளுக்குத் தெரியும்.

"பொறுங்கள், மகாராஜா! எலிக்கு வைக்கிற பாஷாண ஜாடியின் வகையையும் கேளுங்கள்."

கேட்டான். கணினி கொஞ்சமும் கூசாமல், "வகை: மருந்து" என்றது.

"அப்போ... இந்தக் கிண்ணத்தில்?" ராஜா கிண்ணத்தை வாயருகிலிருந்து விலக்கினான்.

"கணினிக்கே தெரியாது, மகாராஜா. இப்போது அது சீட்டைப் பார்த்துத்தான் ஊற்றுகிறது; இரண்டுக்கும் ஒரே சீட்டு. கைக்கு எட்டிய ஜாடியிலிருந்து ஊற்றியிருக்கும்."

ராஜா திரும்பினான். "சாத்தப்பரே, உம்முடைய சீட்டுதானே? நீரே குடியும்."

சாத்தப்பர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "மருந்துச் சீட்டைப் படியெடுத்தேன், பிரபு. பெயரை மாற்ற மறந்துவிட்டேன்!"

கைச்சீட்டுகளை எறிந்துவிட்டு, காவலனையே எழுதவைத்து, அதே கிண்ணத்தின் வகையை மறுபடி கேட்டார்கள்.

"வகை: பாஷாணம்."

கிண்ணம் ராஜாவின் கையிலிருந்து நழுவி உருண்டது. சாத்தப்பருக்குக் களஞ்சியத்தில் எலி பிடிக்கிற வேலை கிடைத்தது, அதுவும் வெறுங்கையால். ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி வேண்மாளுக்குப் போட்டான். அன்று முழுக்க அவள் தன் கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாலையைப் பார்க்கிறாள் என்று சபை நினைத்தது.