தனக்கோட்டி காட்டிய பாண்டிச்சேரி

என்னா, சிரிக்கிறதுக்கு வாயத் தயாரா வெச்சிக்கிட்டு உக்காந்தாச்சா? பாண்டிச்சேரி போன மூணு பேரு கதைன்னதும், அங்க ஒருத்தரு மீசையத் தடவுறாரு. எப்படியும் பாட்டில் வரும்னு பாக்குறாரு. வராதுங்க. இவங்க மூணு பேரும் ஒரு சொட்டு தொடாதவங்க. தொடாமலே இப்படி.

கோணப்பாக்கத்துலேந்து ஆடி மாசம் பாண்டிச்சேரிக்கு டூரு பஸ்ஸு கெளம்புது. டிரைவர் பக்கத்துல உக்காந்து வழி சொல்ல ஊரு ஒலகம் பாத்த ஆளு வேணும். "நான்தான். பாண்டிச்சேரி எனக்கு உள்ளங்கை மாரி"ன்னுட்டான் தனக்கோட்டி. அவன் பாண்டிச்சேரியப் பாத்தது பஸ்ஸு போர்டுல மட்டுந்தான்.

டூரு நடத்துறது அவன் பொண்டாட்டியோட அண்ணன் வேதாசலம். "டூருக்கு முந்தி ஒரு நாளு போவோம். பொழுது சாயறதுக்குள்ள ஊரு முச்சூடும் எனக்குச் சுத்திக் காட்டு மாப்ள. காட்டிட்டா மொத சீட்டு ஒனக்கு. இல்ல, கடைசி சீட்டு, டயருக்கு மேல"ன்னாரு. சாட்சிக்குப் பக்கத்து வீட்டு இருசப்பனையும் கூட்டிக்கிட்டாங்க.

பாண்டிச்சேரியில வெள்ளைக்காரன் கட்டுன தெருவுங்க இருக்கிற பக்கமா ஆட்டோ எறக்கி விட்டுச்சு. மச்சான் காதுல விழாம தனக்கோட்டி ஆட்டோக்காரர்கிட்ட வழி கேட்டான். "இந்த மஞ்ச சொவர வலது கைப்பக்கம் வெச்சிக்கிட்டே போப்பா. சொவர உட்றாத, அவ்ளோதான்"னு சொல்லிட்டு அவரு போயிட்டாரு.

தனக்கோட்டி சொவத்து மேல கைய வெச்சான். எடுக்கவே இல்ல.

மூலை வந்துது. ரோடு நேராப் போவுது, சொவரு வலப்பக்கம் திரும்புது. மூணு பேரும் நின்னுட்டாங்க.

"அண்ணே, நேரா நீலமா பளபளன்னு தெரியுதே, என்னாது?"ன்னான் இருசப்பன்.

"வானம்டா."

"சத்தம் போடுதே?"

"வெள்ளைக்காரன் ஊரு வானம், சத்தம் போடும். நீ சொவரப் பாரு."

திரும்புனாங்க. சொவரும் திரும்பிச்சு, இவங்களும் திரும்புனாங்க. "முந்நூறு வருசத்துக் கட்டடம் மச்சான்"னான் தனக்கோட்டி. வேதாசலம் தோள்ல கெடந்த துண்ட எடுத்து இடுப்புல கட்டுனாரு. இருசப்பன் செருப்பக் கழட்டிக் கக்கத்துல வெச்சான். வெயில் ஏற ஏற, மரியாதையா குதிச்சிக் குதிச்சி நடந்தான்.

சொவத்துல ஒரு விரிசல். "பீரங்கி குண்டு பட்டது"ன்னான் தனக்கோட்டி. மறுபடி விரிசல். "ரெண்டாவது குண்டு." மறுபடியும். "இங்கதான் சண்ட உக்கிரமா நடந்துருக்கு மச்சான்!"

வெயில் உச்சிக்கு வந்தப்ப வேதாசலம் சட்டுனு நின்னாரு. மாடியப் பாத்தாரு. அங்க பச்சப் பொடவ கட்டுன ஒரு அம்மா துணி காயப்போட்டுக்கிட்டு இருந்துச்சு.

"மாப்ள, இந்தப் பொம்பளய முன்னயே பாத்தோம்ல?"

தனக்கோட்டிக்குக் கடைசி சீட்டு கண்ணு முன்னால வந்து ஒரு குலுக்கு குலுக்கிச்சு.

"அது வேற மச்சான். அங்க அது தொவச்சிக்கிட்டு இருந்துச்சா? அது தொவைக்கிற தெரு. இது காயப்போடுற தெரு. அடுத்தது மடிக்கிற தெருவா இருக்கும், பாருங்க. பிரெஞ்சுக்காரன் ஒழுங்கு."

"பொடவ அதே பச்சயா இருக்குதே?"

"யூனிபாரம்."

"கீழ படுத்துருக்கிற நாயி?"

"கவர்மெண்ட் நாயி மச்சான். தெருவுக்கு ஒண்ணு போட்டுருக்கான். எல்லாத்துக்கும் ஒரே அளவு, ஒரே நெறம்."

அடுத்த வாட்டி வந்தப்ப அந்தம்மா துணி மடிச்சிக்கிட்டு இருந்துச்சு. வேதாசலம் மாப்ளய ஏற எறங்கப் பாத்தாரு. இம்மாம் அறிவாளிக்கா தங்கச்சியக் குடுத்தோம்னு அவரு கண்ணு கலங்கிப் போச்சு.

வெயிலு சாஞ்சுது. காலு வீங்கிப் போன வேதாசலம், தனக்கோட்டி கையப் புடிச்சிக்கிட்டாரு.

"யப்பா, எம்மாம் பெரிய ஊரு! தெரு தெருவாக் காட்டிட்ட மாப்ள. மொத சீட்டு ஒனக்குத்தான். இருசப்பா, நீ சாட்சி."

"சாட்சி"ன்னான் இருசப்பன், ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டு.

தனக்கோட்டிக்கு நெஞ்சு நிமிந்துச்சு. வந்ததே வந்தோம், கொறையில்லாம முடிச்சிடலாம்னு மாடியப் பாத்துக் கெத்தா ஒரு கொரல் குடுத்தான். "ஏம்மா, இந்த ஊருல இன்னும் எத்தன தெரு பாக்கி இருக்குது?"

அந்தம்மா கைப்பிடிச் சொவத்துல சாஞ்சி எட்டிப் பாத்துச்சு.

"யோவ், காலையிலேந்து நானும் பாக்குறேன், எங்க ஒரு வீட்டையே சுத்திச் சுத்தி வர்றீங்களே, என்னாய்யா வேண்டுதல்? சாமி வீடா இது? போன தையிலதான்யா பால் காச்சிக் குடி வந்தோம்!"