கடைசித் தடை

தடை ஓட்டத்தில் ஜெயித்தால்தான் பேச்சித்தாய்க்கு மாநில அணியில் இடம். தடகளச் சங்கத் தலைவர் ஞானதிரவியத்துக்கோ தன் மகள் ஷைனி ஜெயிக்க வேண்டும்.

தன் லேனில் கடைசித் தடை மட்டும் நாலு விரல் உயர்ந்திருப்பதைப் பேச்சித்தாய் பார்த்துவிட்டாள். தட்டினால் முட்டி பெயர்ந்துவிடும். நடுவர்களோ தலைவரின் ஆட்கள். நேரே, பரிசு கொடுக்க வந்து பந்தலில் இருந்த கலெக்டர் முன்னால் போய் நின்றாள்.

"என் லேன் ராசியான லேன் சார். அத ஷைனிக்கே விட்டுக்கொடுக்கேன்."

கலெக்டர் மெச்சித் தலையசைக்க, ஷைனி சிரித்தபடி இடம் மாறினாள். பக்கத்து நாற்காலியில் தலைவர் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். வேண்டாமென்றால் காரணம் சொல்ல வேண்டுமே.

துப்பாக்கி உயர்ந்தது.

"நிறுத்துங்க" என்று அலறிக்கொண்டு வேட்டி அவிழ ஓடிய ஞானதிரவியம், அத்தனை பேர் பார்க்க அந்தத் தடையை இறக்கினார்.

பேச்சித்தாய் பணிவாகக் கேட்டாள். "பந்தல்ல உக்காந்தே எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"