எழுதாத பக்கத்து மணிகள்

பழைய காகிதத்தைச் சுருட்டி மணியாக்கி மாலை கோக்கும் வித்தையை ரெஜினாள் டீச்சரிடம் படிக்க வந்தவர் சங்கரபாகம். டீச்சரைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். இவர் "டீச்சர்" என்பார், டீச்சர் "அண்ணே" என்பார். அதில் இருவருக்கும் ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

ஒரு நாள் அடுத்த தெருப் பேச்சித்தாய் ஒரு பள்ளிக்கூடத் தமிழ் நோட்டைக் கொண்டுவந்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் காய்ச்சலில் போய்விட்ட சின்ன மகள் வேணியின் நோட்டு அது. வெள்ளிக்கிழமை மூத்தவளுக்குக் கல்யாணம். தங்கச்சியும் மேடையில் இருக்க வேண்டும், என் கழுத்திலாவது மாலையாகக் கிடக்கட்டும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள். டீச்சர் அந்த வேலையைச் சங்கரபாகத்திடம் ஒப்படைத்தார்.

வியாழக்கிழமை காலை எல்லாம் தயார். பொட்டுக் கறை இல்லாத வெள்ளை மணிகள். சங்கரபாகம் தன் வாழ்நாளில் இவ்வளவு நேர்த்தியாக எதையும் செய்ததில்லை.

டீச்சர் ஒரு மணியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். சுருளின் ஓரத்தில் எங்கேயும் மை இல்லை.

"எழுத்து எங்க, அண்ணே?"

சங்கரபாகம் நோட்டை எடுத்து டீச்சர் முன்னால் வைத்தார். எழுதிய பக்கங்கள் அப்படியே இருந்தன. பின்னால் இருந்த வெறும் பக்கங்கள்தான் போயிருந்தன. பசை பட்டால் மை ஊறிவிடும் என்று முதலில் சொன்னார். அது சாக்கு என்று பிறகு அவரே ஒத்துக்கொண்டார்.

"பிள்ள கையெழுத்துல கத்தரி வைக்க மனசு வரல, டீச்சர். எல்லாம் ஒரே நோட்டுதான? எழுத்தும் மிஞ்சும், மாலையும் ஆச்சு. இதுல என்ன தப்பு?"

டீச்சர் நோட்டை அவர் கையிலேயே கொடுத்தார். வேணி கடைசியாக எழுதிய பக்கத்தைத் திறந்து வாசிக்கச் சொன்னார். மழையைப் பற்றிய கட்டுரை. 'மழை நின்றதும் நாங்கள்' என்பதோடு நின்றிருந்தது. சங்கரபாகம் அந்த வரியை இரண்டு தடவை வாசித்தார்.

"இதுக்கு அப்புறம் உள்ள பக்கத்துல எதுலயாவது வேணி இருக்காளா?" என்று கேட்டார் டீச்சர்.

சங்கரபாகம் நோட்டை மூடினார்.

"வெட்டிட்டா அந்த எழுத்து திரும்ப வராதே, டீச்சர்."

டீச்சர் கத்தரியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"வெறும் பக்கத்தத்தான் அந்த அம்மா மூணு வருஷமாக் கழுத்துல போட்டுக்கிட்டு இருக்காங்க, அண்ணே. நாளைக்கு ஒரு நாளாவது பிள்ளையப் போட்டுக்கட்டும்."