முதலைமடுக் காப்பீடு

நீர்க்காத்தான் காட்டின் ஏரிக்கரையில், ஒரு பெரிய மருதமரத்தடியில் பல்கலைக்கழகம் ஒன்று இருந்தது. மரமேறுதல், மோப்பம் பிடித்தல், ஒளிந்துகொள்ளுதல் என்று பல பட்டப்படிப்புகள் இருந்தாலும், கூட்டம் என்னவோ நிதியியல் படிப்புக்குத்தான். ஃபைனான்ஸ் படித்தால் வேலை நிச்சயம் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அவ்வளவுதான், குரங்குப் பிள்ளைகள்கூட மரமேறுவதை விட்டுவிட்டு அங்கே வந்து உட்கார்ந்துவிட்டன. அந்த வருடம் மட்டும் மரத்திலிருந்து விழுந்த குரங்குகள் ஏழு.

அந்த வகுப்பில் மூன்றாம் ஆண்டு படித்தான் நாச்சிமுத்து என்கிற சருகுமான். உருவம் முயலைவிடக் கொஞ்சம்தான் பெரிசு, பேச்சு யானை அளவுக்கு இருக்கும். அக்கரையில் குடியிருந்த அவன் அம்மா பூவாத்தாள், மூன்று கோடை குனிந்த முதுகு நிமிராமல் புளியங்கொட்டை பொறுக்கி அவனுக்குக் கட்டணம் கட்டினாள். அந்தக் காட்டில் புளியங்கொட்டைதான் காசு.

நாச்சிமுத்துவுக்கு இன்னும் ஒரே ஒரு புராஜெக்ட் பாக்கி இருந்தது. அதில் முதலாவதாக வந்தால் கரடியாரின் தேன் வங்கியில் வேலை. கோட்டை விட்டால் அரியர். அரியரோடு அம்மா முகத்தில் எப்படி விழிப்பது என்று எண்ணி எண்ணி மூன்று நாளாக அவனுக்குத் தழை உள்ளே இறங்கவில்லை.

நான்காம் நாள் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது ஒரு யோசனை வந்தது.

ஏரியின் நடுவில் ஒரு குறுகலான இடம் இருந்தது. முதலைமடு என்பார்கள். அங்கே இறங்கி நீந்தினால் கொஞ்ச நேரத்தில் அக்கரை சேர்ந்துவிடலாம். ஆனால் பெயருக்கேற்றபடி அங்கே ஒரு முதலை இருந்தது. அதனால் எல்லோரும் ஏரியைச் சுற்றியே போனார்கள். அரை நாள் நடை, கால் கடுக்கும். ஆனாலும் போனவர்கள் வீடு திரும்பினார்கள்.

மறுநாள் மருதமரத்தில் ஓர் அறிவிப்பு தொங்கியது. "முதலைமடுக் காப்பீடு! ஒரு கொட்டை கட்டுங்கள், பயமில்லாமல் நீந்துங்கள். முதலை பிடித்தால் நூறு கொட்டை தரப்படும்."

முதலில் வந்தது பொன்னுரங்கம் என்கிற காட்டுப்பன்றி.

"ஏப்பா, நெசமாலுமே நூறு குடுப்பியா?"

"குடுப்பனுங்க. எழுத்துலயே இருக்குதுங்க."

"அத வாங்க என்ன பண்ணோணும்?"

"பெருசா ஒண்ணுமில்லீங்க. முதலை புடிச்ச மூணு நாளைக்குள்ள நீங்களே நேர்ல வந்து, விண்ணப்பத்துல வலது முன்னங்காலப் பதிச்சாப் போதும்."

"அட, இவ்வளவு சுளுவா!" என்று பொன்னுரங்கம் பூரித்துப்போய்க் கொட்டையை நீட்டியது. எந்தக் காரியத்துக்கும் விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு நடையாய் நடந்து அலுத்துப்போன பன்றி அது.

மரமேறத் தெரியாத குரங்குகளை நாச்சிமுத்து ஏஜெண்டுகள் ஆக்கினான். அவை இரு கரையிலும் புகுந்து புறப்பட்டுப் பாலிசி விற்றன. பாலிசி என்பது ஒரு பூவரச இலை, அதில் நாச்சிமுத்துவின் குளம்படி. அந்த இலையைக் கழுத்தில் கட்டிக்கொண்டால் போதும், அதுவரை தண்ணீரைக் கண்டாலே நடுங்கிய முயல்களெல்லாம் மடுவில் குதித்து நீந்தின. ஒரே மாதத்தில் சுற்றுப்பாதையில் புல் முளைத்துவிட்டது.

நானூற்றுப் பன்னிரண்டு கொட்டைகள் சேர்ந்தன. நூறு கொட்டை கேட்டு ஒருவரும் வரவில்லை.

கூடப் படித்த மரகதம் என்கிற முள்ளம்பன்றிதான் ஒருநாள் கேட்டாள். "பொன்னுரங்கண்ணனப் பத்து நாளாக் காணமே, நாச்சிமுத்து?"

"அவரு க்ளெய்ம் பண்ணலியே."

"எப்படிப் பண்ணுவாரு? அவர முதலை முழுங்கிருச்சுன்னு பேசிக்கறாங்க. ரெண்டு முயலு, ஒரு பெருச்சாளி, அதுகளையும் காணம்."

"இதபாரு மரகதம், வந்து கேக்கறதும் கேக்காததும் வாடிக்கையாளர் இஷ்டம். எனக்கு விண்ணப்பம் வரல. விண்ணப்பம் வராத வரைக்கும் நஷ்டம்னு ஒண்ணு கிடையாது. பாடத்துல அப்படித்தான் இருக்குது."

மரகதம் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு போய்விட்டாள். பேராசிரியர் வெள்ளைச்சாமியோ மகிழ்ந்துபோனார். அவர் ஒரு கொக்கு. முப்பது வருடமாக ஏரித் தண்ணீரில் ஒற்றைக்காலில் நின்றபடியே பாடம் நடத்துகிறவர்.

"வரவு நானூத்திப் பன்னண்டு, நஷ்டஈடு பூஜ்யம்! என் சர்வீஸ்ல இப்படி ஒரு புராஜெக்ட் பார்த்ததில்லை" என்று சொல்லிவிட்டு ஒரு கெண்டையைக் கொத்தி விழுங்கினார்.

அன்று சாயங்காலம் நாச்சிமுத்து மடுவின் ஓரமாக நடந்து போனான். தண்ணீரில் மிதந்த கட்டை ஒன்று கண்ணைத் திறந்தது.

"தம்பி, ஒரு நிமிஷம்" என்றது முதலை. ஒரு மாதத்தில் அதற்குத் தொப்பை போட்டிருந்தது. "உங்களப் பாத்து ஒரு வார்த்தை சொல்லணும்னு இருந்தேன். முன்னெல்லாம் மாசக்கணக்கா இந்தப் பக்கம் ஒரு ஈ காக்கா வராது. பட்டினியாக் கெடந்தேன். இப்ப உங்க படிப்பு புண்ணியத்துல வேளாவேளைக்கு நடக்குது. நீங்க நல்லா இருக்கணும்."

"நன்றிங்க" என்றான் நாச்சிமுத்து, பழக்கதோஷத்தில்.

நாலடி போனவன் சட்டென்று நின்றான். பொன்னுரங்கம் பூரித்துப்போய்க் கொட்டையை நீட்டிய முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. ஆனால் வைவாவுக்கு, புராஜெக்ட்டின் வாய்மொழித் தேர்வுக்கு, இன்னும் நாலே நாள். அதை முடித்துவிட்டு யோசிக்கலாம் என்று தள்ளிப்போட்டான். கிளியிடம் அம்மாவுக்குச் சேதி சொல்லி அனுப்பினான். "வெள்ளிக்கிழமை வைவா. பெத்தவங்க வந்து பாக்கலாமாம். நேரத்துல வந்துரு."

அம்மா எப்போதும்போல் சுற்றித்தான் வருவாள் என்று அவன் நினைத்தான். நினைத்தான் என்பதுகூட அதிகம். அவள் எந்த வழியாக வருவாள் என்கிற கேள்வியே அவனுக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை ஏரிக்கரையில் காடே கூடியிருந்தது. நடுவில் கரடியார், பக்கத்தில் பேராசிரியர். நாச்சிமுத்து கொம்பில்லாத தலையை நிமிர்த்திக்கொண்டு கடகடவென்று பேசினான். கரடியார் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஒரே ஒரு கேள்வி. இந்தத் திட்டத்துல ஆபத்து யாருக்கு?"

நாச்சிமுத்து அதற்கும் பதில் மனப்பாடம் செய்து வைத்திருந்தான். "யாருக்குமே இல்லீங்க ஐயா. கம்பெனிக்கு நஷ்டம்..."

"கண்ணூ!" என்று அக்கரையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

பூவாத்தாள் நின்றுகொண்டிருந்தாள். முதுகில் அத்திப்பழ மூட்டை, கழுத்தில் பூவரச இலை.

"சுத்தி வந்தா நேரமாயிரும் கண்ணு, இப்படியே நீந்தி வந்தர்றேன். உன்ற சீட்டுத்தான் கட்டியிருக்கறேன்!" என்று சொல்லிக்கொண்டே தண்ணீரில் இறங்கிவிட்டாள்.

மடுவின் நடுவில் இருந்த கட்டை மெல்ல நகர்ந்தது.

நாச்சிமுத்துவுக்குப் படித்த பாடமெல்லாம் ஒரு நொடியில் மறந்துபோயிற்று. வைவாவை விட்டுவிட்டுத் தண்ணீர் ஓரத்துக்கு ஓடினான்.

"அம்மா, திரும்பிப் போ! முதலை வருது!"

"வந்தா வருட்டும், நூறு கொட்டை குடுப்பாங்களாமே! குரங்குத் தம்பி சொல்லுச்சு."

"குடுக்க மாட்டாங்கம்மா! செத்தவங்க எப்படி வந்து கால் பதிப்பாங்க? அது தெரிஞ்சுதான் அப்படி எழுதுனேன். அத்தனையும் பொய்யும்மா, திரும்பு!"

அவன் கத்தியது கரையெல்லாம் கேட்டது. கரடியார் கேட்டார். பேராசிரியர் கேட்டார். பொன்னுரங்கத்தின் மனைவி பாவாயியும் கேட்டாள்.

பூவாத்தாள் மகன் பேச்சை மீறாதவள். மகனுடைய சீட்டு என்றதும் கட்டிக்கொண்டாள், அவன் திரும்பச் சொன்னதும் திரும்பினாள். முதலை ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து கவ்வியது. அதன் வாயில் சிக்கியது அத்திப்பழ மூட்டைதான். அவள் விழுந்தடித்து அக்கரையிலேயே ஏறிவிட்டாள்.

"என்ன தம்பி, நல்லாப் போயிட்டிருந்த தொழிலை இப்படிக் கெடுத்துட்டீங்களே" என்று பழத்தைத் துப்பிவிட்டு முதலை முங்கிற்று.

எல்லோரும் பேராசிரியரைப் பார்த்தார்கள். "இது மாணவருடைய சொந்த முயற்சி. பல்கலைக்கழகத்துக்குச் சம்பந்தமில்லை" என்று சொல்லிவிட்டு அவர் பறந்துபோனார். அவருக்கு இறக்கை இருந்தது. அவர் ஒருநாளும் பாலிசி எடுக்கவில்லை என்பது அப்போதுதான் மற்றவர்களுக்கு உறைத்தது. கரடியாரும் எழுந்து போனார்.

நாச்சிமுத்து அறிவிப்பைக் கிழித்தான். செத்துப்போன நாலு பேர் வீட்டுக்கும் ஆளுக்கு நூறு கொட்டையாகக் கொண்டுபோய்க் கொடுத்தான். பாவாயி அதை எண்ணக்கூட இல்லை.

"கால் பதிக்கோணும்னு சொன்னியே தம்பி. காலுக்கு நான் எங்க போறது?" என்று மட்டும் கேட்டாள்.

நாச்சிமுத்துவால் தலை நிமிர முடியவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அழுதான்.

பூவாத்தாள் அரை நாள் சுற்றி நடந்து சாயங்காலம் ஹாஸ்டலுக்கு வந்து சேர்ந்தாள். வந்த வேகத்தில் மகன் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு உட்கார்ந்து காலை நீட்டினாள்.

"அரியர் எத்தன?"

"ஒண்ணும்மா."

"எழுதிப் பாஸ் பண்ணு. இப்பக் காலப் புடிச்சு உடு. உன்னால நடந்த நடை."

ஆறு மாதம் கழித்து அரியர் பரீட்சையில் அதே கேள்வி வந்தது. இந்தத் திட்டத்தில் ஆபத்து யாருக்கு? நாச்சிமுத்து நாலு பெயர்களை எழுதினான், பொன்னுரங்கத்தின் பெயரை முதலாவதாக. அடியில் கொஞ்சம் இடம் விட்டு அம்மாவின் பெயரையும் எழுதினான். வேறு ஒரு சூத்திரமும் எழுதவில்லை. விடைத்தாள் திருத்திய ஆமை அதை இரண்டு தரம் படித்துவிட்டு, பாஸ் போட்டது.

ஆபத்தைப் பிறர் தலையில் கட்டிவிட்டு அதை லாபம் என்று சொல்கிறவன், தன்னைப் பெற்றவளே அந்தத் தண்ணீரில் இறங்கும் வரைக்கும் தன் கணக்கைச் சரியென்றுதான் நம்புவான்.