ஒரே கேபிள், மூன்று பங்கு

ஈரோட்டில் வசுமதி இருந்த வீட்டுக்குள் ஒரே ஒரு கேபிள்தான் வந்தது. அது கூடத்தில் ஒரு ஸ்ப்ளிட்டரில் இரண்டாகப் பிரியும். ஒரு வயர் கூடத்து டிவிக்கு. இன்னொன்று பின்னறைக்குப் போய், மாமனார் வேலாயுதத்தின் கட்டில் தலைமாட்டில், கை எட்டும் உயரத்தில், மறுபடியும் பிரியும்: ஒன்று அவருடைய டிவிக்கு, மற்றது அறை வாசலுக்கு வெளியே மேசைமேல் இருந்த வசுமதியின் கம்ப்யூட்டருக்கு இணையம் தரும் மோடத்துக்கு.

கணவன் இறந்த பின்னும் மூன்று ஆண்டுகளாக, வலப்பக்கம் விழுந்துபோன மாமனாரை அவள்தான் பார்த்துக்கொண்டாள். இப்போது சென்னையில் ஒரு வேலைக்கு நேர்காணல், காலை பதினொரு மணிக்கு, கம்ப்யூட்டர் வழியாக. கிடைத்தால் இந்த வீட்டைவிட்டுப் போய்விடலாம்.

"நீங்க போயிட்டா அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டப் போறது யாரு அண்ணி, கம்ப்யூட்டரா?" என்று அன்று காலை மாமனாரின் அறையில் வைத்தே குத்தினான் கொழுந்தன் பிரபாகரன். அவன் மனைவி சுகுணா சிரித்தாள். மாமனார் மட்டும் வசுமதியின் தலையில் இடக்கையை வைத்து ஆசீர்வதித்தார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மூன்றாவது கேள்விக்கு அவள் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது திரையில் இருந்த முகம் அப்படியே நின்றது. பிறகு அதுவும் போயிற்று.

கூடத்துக்கு ஓடினாள். சீரியல் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. சோபாவைவிட்டு எழுந்திருக்கவே இல்லை என்றான் பிரபாகரன். கேபிளே போயிருக்கும் என்றாள் சுகுணா, சீரியலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வசுமதி திரும்பி வந்தாள். வாசலிலிருந்து மேசை வரை வயர் முழுதாக இருந்தது. மோடம் பக்கத்துத் திருகும் இறுக்கமாக இருந்தது. அறைக்கு அந்த ஒரு வாசல்தான். அவள் நாற்காலியைத் தாண்டி யாரும் உள்ளே போகவில்லை. உள்ளே டிவியில் செய்தி ஓடியது. அந்தப் புழுக்கத்திலும் மாமனார் கழுத்துவரை போர்த்தியிருந்தார். தலையணை உறையில் புதிதாக ஒரு சொட்டு ரத்தம்.

"அதுக்குள்ள முடிஞ்சுதா அம்மிணி?" என்று குழறினார்.

வேறு நேரம் தருவதற்கில்லை என்று மதியம் கம்பெனியிலிருந்து தகவல் வந்தது.

இணைப்பைக் கழற்றியது யார்?

விடை: கேபிளே போயிருந்தால் இரண்டு டிவியும் நின்றிருக்கும். கூடத்தில் கழற்றியிருந்தால் மாமனாரின் டிவியாவது நின்றிருக்கும். போனது வசுமதியின் வயர் மட்டும். ஆகவே அது கழன்ற இடம் கட்டில் தலைமாடு. கழற்றியது ஆசீர்வதித்த அதே கை. திருகும்போது வயரின் நடுவே இருந்த செம்புக் கம்பி கட்டைவிரலில் ஏறிவிட்டது. கஞ்சி ஊட்ட ஆளிருக்காது என்பதைக் காலையில் கவனமாகக் கேட்டுக்கொண்டவர் அவர் ஒருவர்தான். வசுமதி அவருடைய டிவி வயரைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு போனாள். மாலையில் கஞ்சி வழக்கமான நேரத்துக்கு வந்தது. டிவி ஏன் ஓடவில்லை என்று அவர் கேட்கவே இல்லை.