மொட்டை மலைக்குப் போட்ட பன்னெண்டு பாகம்

ஒரு மலைக்குக் கீழ ஒரு ஊரு இருந்துச்சாம், அந்த ஊருல பவளாயின்னு ஒருத்தி இருந்தாளாம். அவ புருசன் சடையன் ஊருக்கெல்லாம் விறகு வெட்டுறவன்.

கல்யாணமான புதுசுல, "எப்ப வருவீங்க?"ன்னு கேட்டா, "சோறு ஆறுறதுக்குள்ள வந்துருவேன்"பானாம். காடு அம்புட்டுக் கிட்ட. அப்புறம் கிட்டக் காடெல்லாம் தீந்து போச்சு. "எப்ப வருவீங்க?" "அடுத்த சந்தைக்குள்ள வந்துருவேன்." அப்புறம் மலையே மொட்டையாப் போச்சு, ரெண்டு ஆறு தாண்டிப் போகணும். "எப்ப வருவீங்க?" "இந்தப் பூசணி காய்க்கிறதுக்குள்ள வந்துருவேன்."

பூசணி பூத்துச்சு, காய்ச்சுச்சு, கொடியும் காஞ்சு போச்சு. சடையன் வரல. வண்டி வண்டியா விறகு மட்டும் வருது. அவ ஒவ்வொரு கட்டையா எடுத்து, இது அவரு வெட்டுன வெட்டாத்தான் இருக்கும்னு தடவித் தடவிப் பாப்பாளாம். அதை எப்படி அடுப்புல வைக்கிறது, நீங்களே சொல்லுங்க?

விறகுக்கு ஆளனுப்புறது ராசாதானே, நேரா அவருகிட்டப் போயிட்டா. "ராசா, எம் புருசனைக் குடுங்க."

"நான் என்ன தாயி பண்ணுவேன்? ஊரு அடுப்பு எரியணுமே. இந்த வருசம் ரெண்டு ஆறு தாண்டி வெட்டுறோம், அடுத்த வருசம் மூணு ஆறு."

"அதுக்கும் அடுத்த வருசம்?"

அதை ராசா நெனச்சே பாத்ததில்ல.

பவளாயி சொன்னா: "ஒரு கன்னு மரமாகப் பன்னெண்டு வருசமுங்க. மொட்டை மலையைப் பன்னெண்டு பாகமாப் போடுங்க, வருசத்துக்கு ஒரு பாகம் நடுவோம். கடேசிப் பாகம் நட்டு முடிக்கையில மொதப் பாகம் வெட்டுக்கு வந்துரும். வெட்டுன அடிக்கட்டை திரும்பத் துளிரு விடும். அப்புறம் யாரும் ஆறு தாண்ட வேண்டாம்."

"அதுவரைக்கும்?"

"தெருவுக்கு ஒரே அடுப்பு. பாதி விறகு மிச்சமாகும், பாதி ஆளு வீட்டுக்கு வரும்."

ராசா சரின்னுட்டாரு. பாதி ஆளு வீட்டுக்கு வந்துச்சு, அதுல சடையன் இல்ல. ஆனா விறகு வண்டிக்குக் கணக்குப் பாக்குற அதிகாரி, விறகு மணியம்னு ஒருத்தன் இருந்தான். வர்ற வண்டியில எல்லாம் ஒரு கட்டு அவனுக்கு. வண்டி கொறஞ்சா அவனுக்கும் கொறையுமில்ல? மூணாம் வருசம் கன்னுக்குப் போட்ட வேலியைப் பிரிச்சு, நூறு ஆட்டை உள்ள விட்டுட்டான் பாவி. ஒரு பாகம் பூராவும் போச்சு. பவளாயி கடிபட்ட கன்னு ஒண்ணைக் கையில எடுத்துட்டுப் போய் ராசா முன்னால வச்சா. ஆட்டை விட்டது யாருன்னு ஊருக்கே தெரியும்.

ராசா மணியத்தைக் கூப்பிட்டாரு. "நீ மேயவிட்ட பாகம் மரமாகுற வரைக்கும் ஆத்துக்கு அந்தாண்ட உன் ஆளுங்களோட நீ விறகு வெட்டு. அங்க இருக்கிறவங்களை வீட்டுக்கு அனுப்பு."

ஆளுங்க வந்தாங்க. பவளாயி ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்தா. சடையன் இல்ல. "அவன் மரம் தேடி இன்னும் தள்ளிப் போயிட்டான் தாயி, எங்க இருக்கானோ"ன்னாங்க.

அவ என்ன செய்வா? அழிஞ்ச பாகத்தைத் திரும்ப நட்டா. நாலாம் பாகம் நட்டா, அஞ்சாம் பாகம் நட்டா. மேல ஏறி நின்னு ரோட்டைப் பாப்பா, அப்புறம் குனிஞ்சு குழி தோண்டுவா. தலையும் நரைச்சுப் போச்சு.

பதினோராம் வருசம், நிழலுக்குள்ள களை வெட்டிட்டு இருக்கா. தாடிக்காரன் ஒருத்தன் நொண்டிக்கிட்டே வந்தான்.

"ஏம்மா, இங்க மொட்டை மலைக்குக் கீழ ஒரு ஊரு இருந்துச்சே, அதுக்கு எப்படிப் போகணும்? நாலு மாசமா இந்தப் பக்கமே சுத்துறேன். எங்க பாத்தாலும் காடா இருக்கு, ஊரைக் காணோம்."

அந்தக் குரலு அவளுக்குத் தெரியாதா? கையில இருந்த களைக்கொத்து கீழ விழுந்துச்சு.

"இதுதாங்க அந்த மலை"ன்னாளாம். "நாந்தான் மரம் வச்சு மறைச்சுட்டேன்."

கன்னை மேயவிட்டவன் ஆத்துக்கு அந்தாண்ட, கன்னை நட்டவ புருசன் கையைப் புடிச்சுக்கிட்டு வீட்டுக்கு. கதை முடிஞ்சுச்சு, நீங்க பாய்க்கு, நான் என் போர்வைக்கு.